நாற்பத்திரண்டாவது டிக்கெட்

என் பீரோவில், ஓய்வூதியப் புத்தகத்துக்கு அடியில், ஒரு ரயில் டிக்கெட் இருக்கிறது. பழைய அட்டை டிக்கெட். கட்டைவிரல் நீளம், மங்கிய காவி நிறம், பின்பக்கத்தில் ஒரு பெண் பேனாவால் எழுதிய தேதி. மூலையில் பரிசோதகரின் வெட்டு விழவில்லை. அதாவது அந்த டிக்கெட்டில் யாரும் பயணம் போகவில்லை. பீரோவைத் துடைக்கிறபோதெல்லாம் என் மனைவி அதை எடுத்துக் காட்டி, "ஏறாத வண்டிக்கு டிக்கெட்ட வெச்சுக்கிட்டு என்னத்தத்தான் பண்றீங்களோ" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி. போன மாதம்தான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குன்னூர் பஸ் ஏறினேன். யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

குன்னூருக்கு மேலே, மலை ரயில் போகிற பாதையில், ஆற்றை ஒட்டி ஒரு ஹால்ட் இருந்தது. ஆறு என்று அங்கே இருக்கிறவர்கள்தான் சொல்வார்கள். மேட்டுப்பாளையத்தில் பவானியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஓடை. ஆனால் ஆடி மாதத்தில் அதன் சத்தத்தைக் கேட்டால் ஓடை என்று சொல்ல வாய் வராது. ஆத்தோர ஹால்ட் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கல் தூணுக்கு நடுவில் மஞ்சள் பெயர்ப் பலகை, முப்பது பேர் நின்றால் நிறைந்துவிடும் மண் மேடை. அவ்வளவுதான் அதன் சொத்து.

அந்த ஹால்ட்டை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. பழைய நாளில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க அங்கே நின்றதாம். ஆற்றுத் தண்ணீரைக் கல்தொட்டியில் தேக்கி, அதிலிருந்து குழாய் வைத்து ஊற்றுவார்களாம். எஞ்சின் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மேலே இருக்கிற தோட்டத்து ஆட்கள் கூடையும் கோழியுமாக ஓடிவந்து ஏற ஆரம்பித்தார்கள். இறக்கிவிட்டுப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், கடைசியில் அலுத்துப்போய் ஒரு பலகையை நட்டு, டிக்கெட் விற்க ஒரு ஆளையும் போட்டார்கள். பிறகு எஞ்சின் வேறு இடத்தில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியது. தொட்டியில் பாசி பிடித்தது. பலகை மட்டும் நின்றது, வண்டியும் கொடி காட்டினால் நின்றது. சிவப்புக் கொடி என்றால் ஏற ஆள் இருக்கிறது, பச்சை என்றால் இல்லை, போகலாம். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை அந்தத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடிவைத்த பிறகு ஹால்ட்டுக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஞாயிறு சந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த வண்டிதான்.

அங்கே டிக்கெட் விற்றவரைக் கொடியக்கா என்று கூப்பிடுவார்கள். ரயில்வே உத்தியோகமில்லை, விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன். அவருடைய கணவர் பார்த்த வேலை, அவர் காய்ச்சலில் போன பிறகு அக்காவுக்கு வந்தது. கண்டிப் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு மரப்பெட்டியில் டிக்கெட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியை எழுதி, ஊதிக் காயவைத்துத்தான் கொடுப்பார். வண்டி நின்றுகொண்டிருக்கும், கார்டு விசில் ஊதிக்கொண்டிருப்பார், அக்கா மை காயக் காத்திருப்பார். "தேதி கலைஞ்சா டிக்கெட்டு செல்லாதுங்க" என்பார். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, அக்கா தானாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது.

நான் அப்போது குன்னூரில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தேன். இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். ஏழு நாள் அந்த ஹால்ட்டில் போய் உட்கார வேண்டும், காலை வண்டிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். ஆள் ஏறாத ஹால்ட்டுகளை மூடுவதற்கான கணக்கெடுப்பு. "எதுக்கு எண்றோம்னு ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஆள் சேத்துட்டு வந்துருவாங்க" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வயதில் எனக்கு அது ரொம்பப் பெரிய நம்பிக்கை மாதிரி இருந்தது. புது ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போனேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

முதல் நாள் ஒரே ஒருத்தி ஏறினாள். அக்காவின் மகள். எட்டாவது படித்தாள், இரட்டைச் சடை, முதுகில் காக்கிப் பை. அந்த ஒருத்திக்காக அக்கா சிவப்புக் கொடி காட்டினார், நான்கு பெட்டி வண்டி மூச்சிரைத்து நின்றது, அவள் ஏறினாள், போயிற்று. நோட்டில் 'ஒன்று' என்று எழுதினேன். இரண்டாம் நாளும் ஒன்று. மூன்றாம் நாளும் ஒன்று. அக்கா எனக்குப் பால் விடாத தேநீரும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டே, "இன்னைக்கும் யாரையும் காணமுங்களே சார்" என்றார். முதல் நாள் சொன்னபோது அதில் ஆச்சரியம் இருந்தது. மூன்றாம் நாள் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான்காம் நாள் பனிமூட்டம் சற்றே விலகியபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஒற்றையடிப் பாதையில் குடைகள் போய்க்கொண்டிருந்தன. கறுப்புக் குடைகள், தலையில் போட்ட பிளாஸ்டிக் தாள்கள், நடுவில் பள்ளிக்கூடச் சீருடைகள். இருபது, முப்பது பேர் இருக்கும். எல்லோரும் அடுத்த ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நல்ல நடை நடந்தால் முக்கால் மணி நேரம், அதுவும் காட்டெருமை இறங்குகிற தடம்.

"ஏனுங்க அக்கா, அவங்கெல்லாம் எங்க போறாங்க?" என்றேன்.

"வண்டி ஏறத்தானுங்க."

"வண்டி இங்கயே நிக்குதே?"

அக்கா என் மடியைக் கையால் காட்டினார். "ஒங்க நோட்டுதாங்க சார்."

எனக்குப் புரியவில்லை. அக்கா கொடிக் கம்பைத் துடைத்தார், பெட்டியைப் பூட்டினார், பிறகு எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அங்க கண்டியில இருக்கறப்ப நோட்டோட ஒரு ஐயா வந்தாருங்க. லயத்து வாசல்ல நின்னு தலை எண்ணுனாரு. எதுக்குங்கனு கேட்டதுக்குச் சொல்லல. எங்க அண்ணன் குடும்பத்த அங்கயே விட்டாங்க, எங்கள கப்பல்ல ஏத்துனாங்க. இங்க வந்து மண்டபம் கேம்ப்புல எண்ணுனாங்க. அங்கிருந்து லாரியில ஏத்தறப்ப எண்ணுனாங்க. நல்லதுக்கு எண்ணி நாங்க பாத்ததேயில்லைங்க சார். லயத்த காலி பண்ண ஆள் வந்திருக்குனு பேச்சு ஆயிருச்சு. நீங்க எதுக்கு எண்றீங்கனு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, நான் போயி சொல்லிருவேன்."

"அது ஆபீஸ் விஷயமுங்க அக்கா" என்றேன்.

இந்தப் பதிலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கண்ணெதிரே முப்பது பேர் போகிறார்கள், யாருக்குப் பயந்து போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது, அது நான்தான். நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "இங்கே வாங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், ஆறு ஒன்றும் கடல் இல்லை. நானோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறவர்களை எழுத நோட்டில் கட்டம் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன். 'ஒன்று' என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் மழை. அன்று அந்தப் பக்கம் ஒரு பெண் கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். குழந்தைக்கு மூன்று நாளாகச் சுரம், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று அக்கா சொன்னார். வண்டி வந்து எங்கள் பக்கம் நின்றபோது அவளும் நின்றாள். வண்டியைப் பார்த்தாள், கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள், இனி அடுத்த ஸ்டேஷனில் அதைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தும் குடையைச் சரித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அக்கா தேநீர் வைத்தார், ரொட்டி வைக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது என்று பிற்பாடு தெரிந்தது. பிழைக்காமல் போயிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்குமா, தெரியாது.

ஆறாம் நாள் வண்டி போன பிறகு என்னால் தாங்க முடியவில்லை. கிளம்பும்போது, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னேன். "லயத்துக்கு ஒண்ணும் இல்லீங்க அக்கா. ஹால்ட்ட வெக்கறதா மூடறதானு பாக்கத்தான் எண்றோம். நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. நான் சொன்னதா யாருக்கும் தெரிய வேண்டாமுங்க." அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறி லயத்தைப் பார்த்து ஓடினார். நாற்பது வயதுப் பெண்மணி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேரும்போதே மேடை நிறைந்திருந்தது. அடேயப்பா, தீபாவளிக்குக்கூட அப்படி உடுத்தியிருக்க மாட்டார்கள். ஒரு பெரியவர் இலங்கையில் வாங்கிய கோட்டை எடுத்து மாட்டியிருந்தார், அதில் பாச்சை உருண்டை வாசனை. கைக்குழந்தைக்காரியும் வந்திருந்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, போக ஒரு காரியமும் இல்லாதவர்கள்கூட டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பெரட்டுக்கு, நிற்கிற மாதிரி வரிசையாக நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தகப்பன் பெயர், லயத்து நம்பர். "பேர் வேண்டாமுங்க, தலை எண்ணுனாப் போதும்" என்றேன். கோட்டுப் பெரியவர் விடவில்லை. "எழுதிக்கங்க தொரை. அப்புறம் ஆள் இல்லேனு யாரும் சொல்லப்படாது" என்றார். நாற்பத்தொரு பேர். நோட்டோடு வந்தவனுக்கு எதிரே, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாங்களாக வந்து நின்ற நாற்பத்தொரு பேர்.

வண்டி வந்தது. அக்கா சிவப்புக் கொடியைப் பிடித்திருந்த விதத்தை நான் மறக்கவில்லை, கையை முழுசாக நீட்டி, விரைப்பாக. அவ்வளவு பேருக்கும் தேதி எழுதி, மை காயவைத்து முடித்திருந்தார். எல்லோரும் ஏறிய பிறகு என்னிடம் ஓடிவந்தார். கையில் இன்னொரு டிக்கெட்.

"இது எனக்கு எடுத்ததுங்க சார். நாப்பத்திரண்டுனு போட்டுக்கங்க."

"ஏறுனாத்தானுங்க அக்கா கணக்கு."

"நான் ஏறிட்டா கொடி காட்டுறது யாருங்க?" என்று சிரித்தார். அந்த ஹால்ட்டில் அத்தனை வருஷம் வண்டியை நிறுத்தியவர் அந்த வண்டியில் எங்கேயும் போனதில்லை. "அப்ப நீங்களே வெச்சுக்கங்க. நாங்க வந்தோங்கறதுக்குச் சாட்சி" என்று என் சட்டைப்பையில் போட்டார். பச்சைக் கொடி காட்டினார். வண்டிக்குள்ளிருந்து நாற்பத்தொரு பேரும் எனக்குக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் மேஜையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, நாற்பத்தொன்று. இதைப் பார்க்கிற எவனும் கேட்பான், ஏழாம் நாள் மட்டும் எப்படி என்று. யார் சொன்னது என்று கேட்பான். சொன்னது நான். வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது, வீட்டில் என் கூடப்பிறந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்தோம். மேலதிகாரி தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், குறிப்பு என்கிற கட்டத்தில் இரண்டே வார்த்தை எழுதினேன்: 'அழைத்து வரப்பட்டவர்கள்'. அவர் படித்துவிட்டு, "பாத்தியா, நான் சொன்னேன்ல? கெட்டிக்காரன், கரெக்டாப் பிடிச்சிட்ட" என்று தோளில் தட்டினார். ஆறு நாள் அவர்கள் ஏன் வரவில்லை என்பதை எங்கேயும் எழுதவில்லை. அழைத்தவன் யார் என்பதையும் எழுதவில்லை. எழுதிய இரண்டு வார்த்தையில் பொய் இல்லை என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் பரவாயில்லையே, இது மென்று தின்றது.

அடுத்த மழைக்குள் ஹால்ட்டை மூடிவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஒரு நாள் அதே வண்டியில் ஊட்டிக்குப் போகும்போது, கொட்டகை இருந்த இடத்தில் அக்கா வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நான் அந்த மாதமே மாற்றல் கேட்டுக் கீழே இறங்கிவிட்டேன், பிறகு மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

போன மாதம் போனேன் என்றேனே, அதைச் சொல்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடந்தேன். ஹால்ட் இருந்த இடத்தில் உண்ணிச் செடி மண்டியிருக்கிறது. பலகை இல்லை, இரண்டு கல் தூணும் இருக்கின்றன. கல்தொட்டிக்குள் பிஸ்கெட் உறைகளும் தண்ணீர் பாட்டில்களும். மேலே லயத்தில் விசாரித்தேன், கொடியக்கா என்றதும் உடனே வீட்டைக் காட்டினார்கள். கொடி போய் முப்பத்தைந்து வருஷமாகியும் பெயர் போகவில்லை.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு ஒடுங்கியிருந்தது, கண் அப்படியே இருந்தது. பெயரைச் சொல்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார். "நோட்டு சாருதானே?" என்றார். உள்ளே பார்த்து, "இந்தா, இங்க வந்து பாரு. நமக்காக ஏழு நாள் பனியில உக்காந்தாரே, அந்த சாரு வந்திருக்காரு. அவரு நல்லபடியாத்தான் எழுதுனாரு, மேல இருக்கறவங்கதான் வெட்டிப்போட்டாங்க" என்றார். மகள் தேநீர் கொண்டுவந்தாள். இரட்டைச் சடைக்காரி, இப்போது தலையில் பாதி நரை. என்ன வேலை என்று கேட்டேன். "பேக்டரிலதாங்க, தூள் சலிக்கிற எடத்துல. எட்டாவதோட நின்னுட்டேன். அவ்வளவு தூரம் காட்டெருமைத் தடத்துல நடக்க அம்மா விடல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அக்கா, "என்னனு எழுதுனீங்க? எழுதுனபடியே சொல்லுங்க" என்றார்.

"அழைத்து வரப்பட்டவர்கள்."

மெல்லத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அவங்க தெனமும் வந்தவங்க சார்" என்றார். "நோட்டு முன்னால அன்னைக்கு ஒரு நாள்தான் பயமில்லாம வந்தாங்க."

நான் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். மகள் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். பின்பக்கத்தைத் திருப்பி, தன் கையெழுத்தை விரலால் தடவினார். மை கலையவில்லை. வைத்துக்கொள்வார், எனக்கு விடுதலை என்று நினைத்தேன். கும்பிடக்கூடக் கையைத் தூக்கிவிட்டேன். அக்கா டிக்கெட்டை என் பக்கம் நீட்டினார்.

"சாட்சிக்குக் குடுத்ததுங்க இது. எங்களுக்கு எதுக்குச் சாட்சி? நாங்க வந்தது எங்களுக்குத் தெரியும். ஒங்ககிட்டத்தான் இருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்குப் போலவே என் சட்டைப்பையில் அவரே போட்டார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை உள்ளே விழுந்தது.

இறங்கி வரும்போது மேலே போகிற வண்டி வந்தது. அந்தக் கல் தூண்களுக்கு நடுவில் நின்றேன். சன்னல் சன்னலாக வெளியூர்க்காரர்கள், எல்லோர் கையிலும் போன், ஆற்றைப் படமெடுத்தார்கள், தேயிலையைப் படமெடுத்தார்கள், என்னையும் எடுத்திருப்பார்கள். ஒரு குழந்தை எனக்குக் கையாட்டியது. வண்டி வேகம் குறைக்காமல் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "குடுத்துட்டீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு, பீரோவைத் திறந்து, ஓய்வூதியப் புத்தகத்தைத் தூக்கி, அதே இடத்தில் வைத்தேன்.